பேசும் கேமரா

முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அந்த முடிவுக்கு வந்தேன். இனி என் காரை நானே பின்னால் எடுப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு இது சாதாரணம். எனக்கு இது சுதந்திரப் போராட்டம். ஆபீசில் நான் கிடங்கு மேனேஜர். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரி வாசலைத் தாண்டாது. வீட்டில் என் மனைவி கத்தாமல் என் கார் வாசலைத் தாண்டாது. எங்கள் கேட் குறுகல். இரண்டு பக்கமும் தூண். தினமும் காலையில் அவள் தெருவில் நின்றுகொண்டு கையை ஆட்டுவாள்.

"வாங்க, வாங்க, வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க. லெஃப்ட்ங்க. போதும், நில்லுங்க. நில்லுங்கன்னா நிக்கணும்."

தெருவே நின்றுவிடும். எதிர்வீட்டுப் பல் டாக்டர் அந்த நேரம் பார்த்துத்தான் மாடியில் நின்று பல் தேய்ப்பார். என் கார் முழுசாகத் தெருவுக்கு வந்த பிறகுதான் வாய் கொப்பளிப்பார்.

உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். அவள் லெஃப்ட் என்றால் நான் ரைட்டில் ஒடிப்பேன். ரைட் என்றால் லெஃப்ட். இது என் கொள்கை. பெண்டாட்டி சொன்னபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் அப்புறம் நான் எதற்கு? இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷத்தில் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதிலிருந்து நானே கண்டுபிடித்தேன், அவளுக்கு லெஃப்ட் எது ரைட் எது என்று தெரியாது. பாவம், மனசு நோகுமே என்று சொல்லிக்காட்டவில்லை.

அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது. முன்னால் போவதென்றால் அம்பு மாதிரி போவாள். ரிவர்ஸ்தான் வராது. அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டுதான் நான் டிரைவர் சீட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் டிவி ரிமோட் அவளுடையது. ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது அவள் இஷ்டம். கட்டிலில் சுவரோரம் எனக்கு, காற்று அவளுக்கு. எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு சீட். அதில் உட்கார்ந்தும் திட்டு வாங்கினால் எப்படி?

"ரிவர்ஸ் கேமரா வாங்கப் போறேன்" என்றேன்.

"எதுக்குங்க? வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"அதான் நான் இருக்கேனே."

அதனால்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"பாவம், தினம் வெயில்ல நிக்கறே. எனக்கு மனசு கேக்கலை."

"இத்தனை வருஷமா கேட்டுச்சா?"

"இப்பதான் கேக்கலை."

"என்னவோ பண்ணுங்க. எனக்கு இஷ்டமில்லை, சொல்லிட்டேன்."

இஷ்டமில்லை என்றாளா, எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. அன்று சாயந்திரமே கடைக்குக் கிளம்பினேன். தானும் வருவேன் என்றாள். வரட்டும், என் வெற்றியைக் கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் காதில் டெஸ்டர் செருகியிருந்தார். கண்ணாடி மேசையில் கேமராக்களைப் பரப்பினார். எல்லாம் சட்டைப் பொத்தான் அளவுதான். இதற்கா இவ்வளவு போராட்டம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இது நம்பர் பிளேட் மேல மாட்டறது சார். படம் மட்டும் வரும். இது கோடு போட்டுக் காட்டும். பச்சைன்னா போகலாம், சிவப்புன்னா நில்லுங்க."

"வைட் ஆங்கிள் எவ்வளவு?" என்றேன். ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்த கேள்வி. அவர் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"மழைத்தண்ணி பட்டா மங்குமா?" என்றாள் மனைவி.

"அக்கா நல்ல கேள்வி கேட்டாங்க" என்றவர், அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. "அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. பேசும். லெஃப்ட்ல திருப்பு, ரைட்ல திருப்பு, நேரா வான்னு அதுவே சொல்லிடும்."

"ஐயே, பேசறது வேண்டாம்" என்றாள் அவள். "இவருக்குப் பிடிக்காது. படம் மட்டும் வர்றதையே குடுங்க. அதுதான் இவருக்குச் சரி."

எனக்கு எது சரி என்று இவள் யார் சொல்ல? "பேசறதே இருக்கட்டும்" என்றேன்.

"வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க."

"பேசறதுதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். கடைக்காரர் காரில் மாட்டி முடித்ததும் போட்டுக் காட்டினார். பெண் குரல். ஒரு பெண் குரலிலிருந்து தப்பிக்க, காசு கொடுத்து இன்னொரு பெண் குரலை வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை. அவளை வாசற்படியிலேயே நிறுத்தினேன். "நீ அங்கேயே இரு. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான் ஏன் பேசறேன்?" என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

மாடியில் டாக்டர் பிரஷ்ஷோடு ஆஜர். ரிவர்ஸ் போட்டேன். திரையில் தெரு பளிச்சென்று வந்தது. கார் பின்னால் நகர்ந்தது. ஆஹா, இதுவல்லவா வாழ்க்கை.

"இடது பக்கம் திருப்பவும்" என்றது குரல்.

என் கை தானாக வலது பக்கம் ஒடித்தது.

"இடது பக்கம். இடது பக்கம்."

இன்னும் நன்றாக வலது பக்கம் ஒடித்தேன். அப்புறம் கேட்டது குரல் இல்லை. டமார்.

இறங்கிப் பார்த்தேன். தூணுக்கு ஒன்றுமில்லை. பம்பர் உள்ளே போயிருந்தது. டாக்டர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மனைவி நிதானமாக நடந்து வந்தாள்.

"அது லெஃப்ட்னுதானே சொல்லுச்சு?"

"சொல்லுச்சு."

"நீங்க ரைட்ல ஒடிச்சீங்க."

"பழக்கதோஷம்."

"தெரியும். நாம ஸ்கூட்டர் வெச்சிருந்தப்ப ஒரு நாள் ரைட்ல திரும்புங்கன்னு சொன்னேன். லெஃப்ட்ல திருப்பிச் சாக்கடையில இறக்கினீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு முடிவு பண்ணினேன். நீங்க ரைட்ல போகணும்னா லெஃப்ட்னுதான் சொல்றது. பாவம், இந்தக் கேமராவுக்கு உங்களைப் பத்தித் தெரியலை."

இத்தனை வருஷ வீரம், ஒரே வாக்கியத்தில் புஸ்.

"அப்ப கேமரா வேண்டாம்னு சொன்னது?"

அவள் பம்பரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேசறது வேண்டாம்னு சொன்னது?"

"நல்லவேளை, கேமராவுக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ரோஷமும் வந்தது. ரோஷத்தில் மனிதன் என்ன பேசுவான் என்று அவனுக்கே தெரியாது. டாக்டர் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். "சரி. இனிமே நீ என்ன சொல்றியோ, அதை அப்படியே செய்யறேன். இது சத்தியம்."

"அப்படியா? சாவியைக் குடுங்க."

சாவி என் விரலில்தான் தொங்கியது. என் கடைசி ராஜ்ஜியம்.

"உனக்குத்தான் ரிவர்ஸ் வராதே?"

"வராதுதான். அதான் அது சொல்லிக்குடுக்குமே. சொன்னதைக் கேக்க எனக்குத் தெரியும்."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? சத்தியத்துக்குச் சாட்சி மாடியில் நுரை தள்ளிய வாயோடு நின்றுகொண்டிருக்கிறது. அவள் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கினாளோ என்னவோ, "நீங்க பின்னாடி போய் நின்னு சொல்லுங்க. நீங்க இருந்தாதான் எனக்குத் தைரியம்" என்றாள்.

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. தெருவுக்கு ஓடினேன். கையை ஆட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "வா, வா, வா. லெஃப்ட்ல கொஞ்சம். போதும். இப்ப நேரா. அப்படித்தான். நேரா வா."

கார் இரண்டு தூணுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு உரசல் இல்லை. என்னைத் தாண்டித் தெருவில் திரும்பி நின்றது. டாக்டர் வாய் கொப்பளித்தார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே பார்த்தேன். "எப்படி டாக்டர்? எல்லாம் நாம சொல்ற விதத்துல இருக்கு."

"அதுதான் சார் எனக்கும் புரியலை" என்றார் டாக்டர். "கார் கண்ணாடி நாலையும் ஏத்திட்டுத்தானே அவங்க ரிவர்ஸே எடுத்தாங்க?"