புயலைத் தாண்டிய முள்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே முள் ‘தெளிவு’ என்ற எழுத்திலிருந்து நழுவி ‘மழை’யில் போய் உட்கார்ந்துகொண்டது.

வானிலை காட்டும் காற்றழுத்தமானியை மடியில் வைத்திருந்த முத்திரை, பஸ் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தும் அதிகாரி என்பதால் ஊர் வைத்த பெயர் அது. “கருவி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான்” என்பது அவருடைய வேதம்.

மனைவி மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக மாற்றலாகி எட்டு மாதம். தொலைபேசியில் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்கு முத்திரை நாற்பதாயிரம் தடவையாவது ஒத்திகை பார்த்திருப்பார். எடுத்ததும் வாயில் வருவதோ, “இங்க எல்லாம் சரியா இருக்கு.”

அந்த அம்மாளும் சளைத்தவளில்லை. போன வாரம், “ஞாயித்துக்கிழமை வர்றப்ப சுவத்துல இருக்கிற காத்தழுத்தமானியைக் கொண்டாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். என்னைப் பார்க்க வேண்டாம், முள்ளைப் பார்க்கணுமாக்கும் என்று முத்திரை அன்றைக்குத் தராசுகளோடுகூடப் பேசவில்லை.

ஏழாவது வளைவில் முள் ‘புயல்’ என்றது. முத்திரைக்குக் காது அடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பி நின்றது.

“பாருங்க, சிப்ஸே பயந்துபோய் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. டிரைவர், புயல் வருது, சீக்கிரம் ஓட்டுங்க!”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “டீச்சர் வீட்டுக்காரருங்களா?”

“ஆமா.”

“சரிதான்” என்று டிரைவர் கியரை மாற்றினார்.

உச்சிக்கு வந்தபோது முள் புயலையும் தாண்டி, எழுத்தே இல்லாத இடத்தில் போய் நின்றது. புயலுக்கு அப்புறம் என்ன வரும் என்று எழுத, கருவியைச் செய்தவனுக்கே தைரியம் வந்திருக்காது.

மனைவி வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். முத்திரை வாக்கியத்தைத் தொண்டைவரை கொண்டுவந்தார்.

“புயல் வருது!” என்றார்.

“அப்படியா? உள்ள வாங்க.”

“விளையாட்டில்ல. கிளம்பு, நாலு மணி பஸ்ல ரெண்டு பேரும் கீழ போயிடலாம்.”

“நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. உங்களுக்கு ஒருநாள் லீவுதானே, நீங்க கிளம்புங்க.”

கீழ் அறையில் வெள்ளம் வரும் என்று மெத்தை, பாத்திரம், இரும்புப் பீரோ எல்லாவற்றையும் மாடிக்குத் தள்ளினார் முத்திரை. மாடிக்குக் கூடவே கொண்டுபோன கருவியில் முள் இன்னும் ஒரு மயிரிழை இறங்கியது. “மோசமாயிட்டே போகுது!” என்று மொட்டைமாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியைப் புகைபோக்கியோடு கட்டினார். கட்டிய வேகத்தில் புகைபோக்கி சாய்ந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் முள்ளைக் காட்டினார். பத்தே நிமிடத்தில் தெரு முழுக்கக் கொடித்துணி மறைந்தது. ஜன்னல்களுக்குப் பலகை ஏறியது. ஒருவர் தன் பசுவைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்.

வெயில் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

“நாலாகப் போகுது” என்றாள் மனைவி, சரிந்து கிடந்த பாத்திரங்களுக்கு நடுவே. “பஸ்ஸு போயிடும்ங்க.”

“உன்னை இந்தப் புயல்ல விட்டுட்டா? நான் என்ன மனுஷனா, மரமா? எட்டு மாசமா ரெண்டு தட்டு வச்சுத்தான் சாப்பிடறேன், தெரியுமா? உன் தட்டையும் தினம் கழுவி வைக்கிறேன்!”

சொன்ன பிறகுதான் வாக்கியம் வெளியே வந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “போங்க… போய் டிரைவர்கிட்ட வரலன்னு சொல்லிட்டு வாங்க.” குரல் ஈரமாயிருந்தது.

முத்திரை காற்றழுத்தமானியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கியது, பத்தடிக்கு ஒருமுறை நின்றார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

“எடுக்காதீங்க! முள்ளு புயலையே தாண்டிடுச்சு! நான் வரல, நீங்களும் போகாதீங்க!”

டிரைவர் நிதானமாகத் தலையை வெளியே நீட்டினார்.

“மேல ஏற ஏறக் காத்தோட பாரம் குறையும், அந்த முள்ளு தானா விழும்னு டீச்சர் என் பொண்ணு வகுப்புல போன வாரந்தான் நடத்தினாங்க சார், ‘எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு என்னை விட்டுப் போகமாட்டாரு, நாலு மணி பஸ்ஸுல அவருக்கு இடம் வைக்காதீங்க’ன்னு என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாங்க.”