தலைப்புக்கு மட்டும் அதிகாரம்

1979ஆம் ஆண்டு, கொழும்பிலிருந்த பதிவேட்டு ஒழுங்கமைப்புக் காரியாலயம் ஒரு கம்பியூட்டர் வாங்கியது. நாட்டின் பதிவேடுகளெல்லாம் அதற்குள் போக வேண்டுமாம். ஆகவே மஸ்கெலியாவுக்கு மேலேயிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் சுற்றுநிருபம் வந்தது. பிறப்புப் பதிவேட்டின் தலைப்புகளை மட்டும் பிரதிசெய்து அனுப்புக. தலைப்புகளுக்குக் கீழுள்ள விபரங்கள் இரகசியமானவை, இன்று முதல் அவற்றைப் பார்க்கும் அதிகாரம் கிளாக்கருக்குக் கிடையாது.

அந்த விபரங்களை இருபது வருஷமாக எழுதி வந்தவரே கிளாக்கர் பத்திநாதன்தான். ஆனாலும் மேலிடத்துக் கட்டளையை மீறாதவர். பார்க்காமல் எப்படிப் பிரதி செய்வது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கொழுந்துமலையிலிருந்து ராக்காயி வந்து நின்றாள். மகள் பூரணியின் பிறப்புப் பதிவு வேண்டும். மாதக் கடைசிக்குள் அட்டன் பிரஜாவுரிமைக் காரியாலயத்தில் காட்டாவிட்டால் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகிவிடும்.

பத்திநாதன் அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கேட்டு வாங்கினார். பதிவேட்டைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். விபரங்கள் மீது படங்கை விரித்துவிட்டு, மேலே தெரிந்த தலைப்புகளை அழகாக எழுதினார்: பெயர், பிறந்த திகதி, தகப்பன், தாய், குடியிருக்கும் லயம்.

"ஐயா, அந்தப் படங்குக்கு அடியிலதாங்க எம் மக பேரு இருக்கு."

"இருக்கும். பாக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"நீங்கதானுங்களே எழுதுனீங்க?"

"அப்ப அதிகாரம் இருந்துச்சு."

வாசலில் நின்ற நாங்களும் அவருக்கே தலையாட்டினோம். நாளைக்கு நாங்களும் அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்.

அந்தப் பிரதி கொழும்புக்குப் போய், இரண்டே வாரத்தில் பதில் வந்தது. பதிவேடு மிகச் சிறப்பாகப் பேணப்பட்டுள்ளதெனப் பாராட்டியிருந்தார்கள். அத்தோடு, பிரதியை ஆராய்ந்த கம்பியூட்டர், இத்தோட்டத்தில் இதுவரை எவரும் பிறக்கவில்லை என்பதை உறுதிசெய்திருந்தது. அதன் நகல் அட்டனுக்கும் போயிருந்தது. பிறக்காதவருக்குப் பிரஜாவுரிமை வழங்கச் சட்டத்தில் இடமில்லையென்று பூரணியின் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ராக்காயி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை இராமையா பேர் கூப்பிட்டார். "பூரணி. ஆறாம் நம்பர் மலை, கொழுந்து."

"எம் மகதான் பொறக்கவே இல்லையாமேங்க," என்றாள் ராக்காயி.

இராமையா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது வேற புத்தகம். இந்தப் புத்தகத்துல வேலைக்கு வராட்டி பேர வெட்டிருவேன்."

பிறக்காத நாங்கள் அத்தனை பேரும், பேர் வெட்டுப்பட்டுவிடுமே என்று பயந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினோம்.