ஒன்பதாம் வகுப்பில் நான் மூழ்கடித்த நைனா

பதினான்கு வயதில் என் அப்பாவைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றேன். இங்கிலீஷில். (தமிழில் எழுதியிருந்தால் அம்மா படித்திருப்பார். அன்றைக்கே கதை முடிந்திருக்கும், என் கதை.)

அப்போது நாங்கள் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நைனா சவரிமுத்து, காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். நான் கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் படித்தேன். படித்தேன் என்பதைவிட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வது நியாயம். மூன்றாவது மாடி ஜன்னலில் கடல் தெரியும். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் காத்து நிற்கும். மதிய வெயிலில் தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாது. கப்பல்கள் இரண்டிலும் ஒட்டாமல் நடுவில் மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் மணி அடிப்பதுகூட வேறு யாருக்கோ அடிப்பதுபோலக் கேட்கும். கணக்கு டீச்சர் என்னை எழுப்பிவிட்டுத்தான் பாடம் தொடங்குவார், நான் தூங்காத நாளிலும்.

அந்த வருஷம் பெரம்பூரிலிருந்து புதிதாகப் பத்மா மிஸ் வந்தார். கவிதையை வாசித்துவிட்டு அர்த்தம் எழுதிப் போடாமல், "கண்ணை மூடுங்க. என்ன தெரியுது?" என்று கேட்ட முதல் இங்கிலீஷ் டீச்சர் அவர்தான். எல்லோருக்கும் இருட்டு தெரிந்தது. எனக்குக் குதிரை தெரிந்தது. (கவிதையில் குதிரையே இல்லை.) மிஸ் சிரிக்கவில்லை. "என்ன கலர்?" என்றார். நான் அந்த நிமிஷமே அவர் கட்சி.

தலைமையாசிரியையான பெரிய சிஸ்டரிடம் கெஞ்சி, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கற்பனை எழுத்துக்கென்று வாங்கினார் மிஸ். இலக்கணம் இல்லை, மார்க் இல்லை. வாரம் முழுக்க நான் பள்ளிக்கு வந்ததே அந்த நாற்பது நிமிஷத்துக்காக. அதில் ஒருநாள் 'மறக்க முடியாத நாள்' என்று தலைப்பு கொடுத்தார். "படிக்கிறவங்க நம்பணும். அது ஒண்ணுதான் ரூல்" என்றார்.

மறக்க முடியாத நாள் எதுவும் எனக்கு அதுவரை வாய்க்கவில்லை. (டோல்கேட்டில் பஸ் ஏறும்போது ஒரு செருப்பை விட்டதைத் தவிர.) ஜன்னலைப் பார்த்தேன். கடல்மேல் பனி இறங்கியது. பனிக்குள் ஒரு படகு. லாந்தர் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நைனா, நீளமான கறுப்புக் கோட்டில். (வீட்டில் கைலி.) கரையில் மெழுகுவத்தியோடு நான். ஓர் அலை மெதுவாக, ரொம்ப மெதுவாக எழுந்தது. நாலு பக்கம் எழுதினேன். முடித்தபோது மனசு அவ்வளவு சுகமாக இருந்தது, பசிகூட எடுத்தது. இத்தனை கற்பனை செய்தவளுக்கு ஒரு பெயரைக் கற்பனை செய்யத் தோன்றவில்லை. இறந்தவர் பெயர் சவரிமுத்து என்றே எழுதியிருந்தேன்.

மிஸ் நம்பிவிட்டார். என்னிடம் கேட்டால் புண்ணைக் கிளறியதாகிவிடும் என்று பயந்து, ஆபீஸில் போய், "இவங்க முறைப்படி இறந்தவங்களுக்கு என்ன செய்வாங்க?" என்று விசாரித்திருக்கிறார். கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பார்கள் என்று சொல்ல, போய்க் கொடுத்தும்விட்டார். அன்றைய பூசை யார் யாருக்காக என்று தொடக்கத்தில் உபதேசியார் மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். சீட்டில் இருப்பதை அப்படியே வாசிப்பார். என்ன வாசிக்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னலின் நீல வெளிச்சம் என் முழங்கையில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் பேசியது:

"கடலில் மரித்த டிரைவர் சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர்கள், மகள் ஸ்டெல்லா மற்றும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவிகள்."

"அய்யய்யோ, காலைலகூட டீக்கடைல பாத்தனே!" என்று ஒரு மீன்காரம்மா அலறினார். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் பின்னால் திரும்பினேன். நைனா எப்போதும் ஆண்கள் கூட்டத்தோடு வாசலோரம் நிற்பார். எல்லோரும் எழுந்துவிட்டதால் அவர் தெரியவில்லை. நாலு பக்கம் எழுதும்போது எட்டிக்கூடப் பார்க்காத பயம் அப்போதுதான் வந்தது. அந்த ஒரு கணம் எனக்கு நிஜமாகவே அப்பா இல்லை. மெழுகுவத்தியும் இல்லை, பனியும் இல்லை. வெறும் பயம்.

பிறகு வாசலில் ஒரு கை உயர்ந்தது. "யோவ்! நான் இங்கதான்யா கீறேன்!"

திங்கட்கிழமை நைனா, அம்மா, நான் மூவரும் பெரிய சிஸ்டர் அறையில் நின்றோம். பத்மா மிஸ் தலை நிமிரவில்லை.

"கடலுக்குப் போற மனுசன இப்டி எழுதலாமா சிஸ்டர்?" என்று அம்மா அழுதார்.

"இது கற்பனை இல்ல, பொய். இனிமே வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்கு" என்றார் சிஸ்டர்.

நைனா தொண்டையைச் செருமினார். "இன்னா எழுதிக்கீதுன்னு எனக்கு யாரும் படிச்சே காட்லியே?"

மிஸ் இங்கிலீஷில் வாசிக்க, நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சொந்த அப்பாவின் சாவை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? இரண்டாவது வரியிலேயே அவர் கையைத் தூக்கினார்.

"பனியா? போகிக்கு டயர் கொளுத்தறப்போ தவிர காசிமேட்ல ஏதும்மா பனி?"

அடுத்தது லாந்தர். "பேட்டரி லைட்டு கீது, ஜி.பி.எஸ். கீது. நான் இன்னாத்துக்கு வழி தெரியாம சுத்தணும்?"

கோட்டு. "அத்த மாட்டிக்கினு எவன் வல இழுப்பான்?"

மூழ்கும் இடத்தில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பக்கத்துக்கு மூழ்கறேன், கூட கீற ஆறு பேரும் வேடிக்க பாத்துக்கினா கீறானுங்க? ஒருத்தன்கூட கயிறு போட மாட்டானா? இத்த அவனுங்க கேட்டா இன்னா நெனப்பானுங்க?"

கடைசிப் பக்கத்தில் மகள் கரையில் நின்று நைனா, நைனா என்று கூப்பிடுகிறாள். அதற்கு அவர் கையைத் தூக்கவில்லை. "இது மட்டும் சரியா கீது" என்றார்.

பிறகு சிஸ்டரிடம், "அந்தப் பீரியட எடுத்துடாதீங்க சிஸ்டர். தெரியாமதான் தப்பு தப்பா எழுதிக்கீது. கத்துக்கட்டும்" என்றார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. உயிரோடு இருப்பவர்கள் பெயரை எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு எங்கள் வெள்ளிக்கிழமை பிழைத்தது.

அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. மேலே போய்விட்ட விண்ணப்பத்தை யார் திருப்பி வாங்குவது? அடுத்த ஞாயிறே உபதேசியாரைப் பிடித்து வேறொரு சீட்டு கொடுத்தார். அதோடு விடவில்லை, வருஷா வருஷம் கொடுக்கிறார். நைனா படகு வேலையை விட்டு, முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கொடுக்கிறார். இந்த வருஷம் புதிதாக வந்த உபதேசியார் சீட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வாசித்தார்: "கடலில் மரிக்காத சவரிமுத்துவுக்காக, நன்றிப் பூசை. வேண்டுபவர், மகள்."

கோயில் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வாசலைத் திரும்பிப் பார்த்தபடியே. வருஷா வருஷம் அந்தக் கை உயர்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.