வாலில் உட்கார்ந்த இன்பமேரி

அன்று சாயங்காலத்துக்குள் சங்கராபரணி ஆற்றை ஆகாய மார்க்கமாகக் கடந்தே தீருவது என்று மரியசுந்தரம் முடிவு கட்டியிருந்தார். விமானம் தயாராகக் களத்தில் நின்றது. மூங்கிலும் சைக்கிள் குழாயுமாக எட்டு மாத உழைப்பு. இறக்கைக்குத் துணி தேவைப்பட்டதால் மனைவி இன்பமேரியின் மூன்று புடவைகளைக் கஞ்சி போட்டு ஒட்டியிருந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து, பென்ஷனோடு வில்லியனூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர் அவர். பெட்ரோல் எஞ்சின் என்றாலே அவருக்கு இளக்காரம். "பிளக் கெடையாது, காயில் கெடையாது, குபீர்னு தீப்புடிக்காது. பறக்கறதுன்னா டீசல்தான்" என்பார். வீட்டிலிருந்த ஒரே டீசல் எஞ்சின் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் அதைக் கழற்றி விமானத்தின் மூக்கில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து இன்பமேரி நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

டீசலில் ஒரே குறை, கனம். மூக்கு தரையைப் பார்த்தது. இப்போதைக்கு உரல் ஒன்று முட்டுக் கொடுத்தது. உரலை எடுத்துவிட்டு ஓட்டினால் குப்புறக் கவிழ்ந்து, தேக்கில் அவரே செதுக்கி மூக்கில் மாட்டிய விசிறி தூளாகிவிடும். ஆகவே வாலில் கனம் வேண்டும். செங்கல் கட்டலாம், ஆனால் செங்கல்லுக்கு இறங்கத் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியும்.

"நான் எப்ப எறங்கணும்?" என்றாள் இன்பமேரி, வாலில் ஏறி உட்கார்ந்து.

"ஓட்டம் புடிச்சதும் சொல்றேன். குதிச்சிடு. அதுக்கு முன்னாடி எறங்கினியோ, விசிறி போச்சு. நானும் போனேன்."

"முன்னாடி எறங்கினா அவ்ளோதானா?"

"அவ்ளோதான்டி."

அவள் இதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுடைய அக்கறையில் மரியசுந்தரம் உருகிப்போனார்.

உரலை உருட்டிவிட்டு இருக்கையில் ஏறினார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்களை எடுக்க, பக்கத்துக் கொல்லை பக்கிரிசாமி தயாராக நின்றார். கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் டக்டக்கென்று பிடித்துக்கொண்டது. களமே அதிர்ந்தது.

"அண்ணே, கல்லை எடுக்காதீங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏங்க, நான் எறங்கட்டா?"

"ஐயையோ, இப்ப வேணாம்!"

"காலு மரத்துப் போச்சு."

"அசையாத இன்பம்!"

"அப்ப பேசலாமா? எஞ்சின் எப்பக் கெணத்துக்குத் திரும்பும்?"

"பறந்துட்டு வந்து பேசலாம்!"

வால் லேசாக ஆடியது. மரியசுந்தரம் எஞ்சினை அணைக்கப் பார்த்தார். கிளப்பும் கைப்பிடியை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்த மகா மெக்கானிக், நிறுத்தும் லீவரைச் சுழலும் விசிறியை ஒட்டியே விட்டுவைத்திருந்தார். ஆகாயத்தில் போகிற எஞ்சினை எவன் நிறுத்துவான் என்ற எண்ணம்தான். பெட்ரோல் என்றால் சாவியைத் திருப்பினால் அணையும். இது டின்னில் கடைசிச் சொட்டு தீரும்வரை ஓடும். குதித்து ஓடலாமென்றால் அவர் கனமும் குறைந்து மூக்கு அப்போதே குத்தும்.

"நாளைக்கு மாட்டிடறேன்!"

"நாளைக்கு நாத்து கருகிடும்."

"சரி, சாயங்காலம்!"

"வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி!"

"என் மூணு பொடவை?"

"ஆறா வாங்கித் தரேன், உக்காருடி!"

"இனிமே கெணத்து எஞ்சின்ல கை வெக்கமாட்டேன்னு லூர்து மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

இங்கே மரியசுந்தரம் தயங்கினார். எட்டு மாதம். எதிரே வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் காத்திருந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. வால் மறுபடி ஆடியது.

"மாதா மேல சத்தியம்!" என்று அலறினார்.

"அண்ணே, கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டுது தங்கச்சி" என்றார் பக்கிரிசாமி.

அடுத்த நொடி இன்பமேரி இறங்கிவிட்டாள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மரியசுந்தரம் கண்ணை இறுக மூடி, உடையப்போகும் விசிறியின் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாலுக்கு நேர் அடியில் மாடு கட்டும் முளை அடித்திருந்தது. அதிலிருந்து விறைப்பாக ஒரு மாட்டுக் கயிறு வாலைப் பிடித்திருந்தது. இவ்வளவு நேரமும் அதை அவள் புடவை மறைத்திருக்கிறது.

"எ... எப்பக் கட்டின?"

"நீங்க டீசல் வாங்கப் போனப்பவே. பின்ன, உங்க கணக்கை நம்பி நான் வால்ல உக்காருவனா?"