நோகோ நிறுத்திய லாரி

கடவுள் படைத்ததோ மனிதன் செய்ததோ, உலகத்தில் எந்தப் பொருளும் சரியான அளவில் இல்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து நோகோதான்.

அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது, யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. திருமழிசை தொழிற்பேட்டையில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக் சாமான்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். நான் டிஸ்பாட்ச். அதாவது, செய்து முடித்த சாமானை வண்டியில் ஏற்றி, கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புகிறவள்.

நோகோவின் கையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. அதன் ஒரு முனை சாமானில் போட்ட துளைக்குள் போக வேண்டும். அதற்கு 'கோ' என்று பெயர். மறு முனை போகவே கூடாது; அது 'நோ-கோ'. அதுவும் போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். சாமான் குப்பைக்கு.

இரும்போடு நிறுத்தியிருந்தால் அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. கேன்டீன் மெதுவடையின் ஓட்டைக்குள் கேஜை விட்டுப் பார்த்து, "நோ-கோ" என்று தட்டோடு திருப்பி அனுப்பியவர் அவர். அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போன இடத்தில், "பொண்ணு சூப்பரா கீது, நெலப்படிதான் அரை இஞ்சு கோணல்" என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்தார். எங்கள் ஷெட் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல் இருந்ததாம். அதைப் பற்றிக் கேட்டால், "எங்க நைனா நாத்து நட்டா ஒரு வரிசகூட நேரா இருக்காது மேடம். நல்லவேள வித்துட்டாரு" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு துப்பறியும் தொடரில் போய் மாட்டிக்கொண்டார்.

தொடரின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே நடுங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலகப் போர் காலத்துக் கதை. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுகிறது. மிச்சமிருக்கும் ஊரில் கொலைகள் நடக்கின்றன. இன்ஸ்பெக்டர் அருளப்பன் என்று ஒருவர், பெட்ரோல் கிடைக்காததால் சைக்கிளில் போய்த் துப்புத் துலக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் புதிய எபிசோட் வரும்.

மூன்று மணிக்கு நோகோ தன் வீட்டு ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிவிடுவார். அந்தக் காலத்தில் விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று ஒட்டினார்களாம். "பட்டப்பகல்ல எந்தப் பிளேனுக்குத் தெரியப் போவுது?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, "எல்லாரும் இப்படி அலட்சியமா இருந்தா ஊரு இன்னாத்துக்கு ஆவும்?" என்று பதில் வந்ததாம். இதை அந்த அம்மாவே ஆயுத பூஜை அன்று கம்பெனிக்கு வந்தபோது என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

ஒருமுறை அருளப்பன் ஒரு கதவைத் திறக்கும் காட்சியில் படத்தை நிறுத்தி, கைப்பிடியில் இருந்த திருகாணியைப் பார்த்துவிட்டார். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி. அந்தக் காலத்து மதராஸ் வீட்டில் ஏது அது, நேர்க்கோடு போட்டதுதானே இருந்திருக்கும் என்று தொடர் எடுத்தவர்களுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. "குத்தம் பண்ணவன் வாயத் தொறக்க மாட்டான்" என்று அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு முறை அவருடைய டிபன் பாக்ஸ் மூடி காணாமல் போனது. சாப்பாட்டு அறையின் கதவைச் சாத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பதினோரு பேரை விசாரித்தார். லேத் ஓட்டும் செல்வம்தான் முக்கியக் குற்றவாளி. "மத்தியானம் ஒண்ணு அஞ்சுக்கு எங்க இருந்த?"

"உன் பக்கத்துலதான் அண்ணாத்தே உக்காந்துகினு இருந்தேன். உன் கொழம்பத்தான் ஊத்திகினு இருந்தேன்."

"அப்ப உனக்கு நோக்கம் இருந்துகீது."

மூடி அவருடைய பையிலேயே கிடைத்தது. அதை யாரோ திட்டமிட்டு அங்கே வைத்திருக்கிறார்கள் என்று வழக்கை முடித்து வைத்தார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு என்றால் நோகோ எபிசோட் சொல்லும் நேரம். ஞாயிறு பார்த்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்பார்கள். மோர் டம்ளர் பிணமாகக் கிடக்கும், ஊறுகாய்ப் பாட்டில் சாட்சி சொல்லும். அவர் தொல்லை தாங்காமல் நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். தேனியிலிருந்து கல்யாணமாகி வந்து ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் இருப்பவள் நான். போர்க்காலத்து மதராஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நோகோ காட்டியதுதான்.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்றைய எபிசோடில் ராணுவ லாரி ஒன்று பாலத்தில் கவிழ்ந்து ஆறு பேர் செத்துப்போகிறார்கள். எதிரி நாட்டு உளவாளியின் சதி என்று ஊரே பேசுகிறது. அருளப்பன் அந்த உளவாளியைத் தேடிக்கொண்டே போகிறார். கடைசியில் உளவாளி என்று யாருமே இல்லை. ஒரு பட்டறையில் சாமான் சரிபார்க்கும் ஒரு சாதாரண மனிதர், தேறாத சக்கர அச்சுகளைத் தேறியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவசரம் என்று முதலாளி சொன்னார், போட்டேன் என்கிறார். அருளப்பன் திட்டவில்லை, கைகூட ஓங்கவில்லை. அந்தக் கையெழுத்துக் காகிதத்தை மேஜைமேல் அவர் பக்கமாக மெல்லத் தள்ளுகிறார். அந்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம்கூட இல்லையே, இந்த வாரம் கொஞ்சம் இழுவை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். செல்வம்தான் ஆரம்பித்தான். "அண்ணாத்தே, பாத்தியா? லாரி கவுந்துச்சே, செம இல்ல?"

"பாத்தேன்."

"அப்ப எடுத்து வுடு."

நோகோ டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "எனக்கு ஒடம்பு சரியில்ல. நீங்க துன்னுங்க" என்று எழுந்து போய்விட்டார். மோர் டம்ளர் அன்றைக்கு வெறும் மோர் டம்ளராகவே இருந்தது. நான்கு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

நான் சாப்பிட்டுவிட்டு என் அறைக்கு வந்தபோது நோகோ வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், சனிக்கெழம நான் கையெழுத்துப் போட்ட பின்னு, அது எங்க கீது?"

"பிரேக் பின்னா சார்? வண்டியில ஏத்தியாச்சு. ரெண்டரைக்குக் கிளம்புது."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐந்து. நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பத்து பின்னு எடுத்து ஹார்டுனஸ் பாத்தேன் மேடம். மூணு மெத்துனு கீது. சூட்டுல சரியா வேவல. மேனேஜர் கைல சொன்னேன். மிச்சம் ஏழு நல்லாத்தான கீது, கஸ்டமர் கத்தறான், போடுன்னாரு. நானும் போட்டுட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. பிரேக் பெடலை அதற்குப் பின்னால் இருக்கும் கம்பியோடு சேர்த்துப் பிடிப்பது அந்தப் பின்தான். மெத்தென்று இருந்தால் கொஞ்ச நாளில் தேயும். ஒருநாள் டிரைவர் அழுத்தும்போது ஒடியும்.

"பஸ்ஸுக்குப் போற சாமானா சார்?"

"பஸ்ஸுக்குத்தான். நீங்க காலைல வந்துகினு இருக்கிற பஸ்ஸாகூட இருக்கும்."

வடையைத் திருப்பி அனுப்பிய மனிதர், பெண்ணின் அப்பாவிடம் நிலைப்படியைப் பற்றிச் சொன்ன மனிதர், இந்த ஒன்றில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்புக் காட்டிய முகமாகத்தான் அதுவரை அதைப் பார்த்திருந்தேன்.

எழுந்து நேராக முற்றத்துக்குப் போனார். அவர் கையெழுத்துப் போட்டிருந்த சோதனை ரிப்போர்ட்டும் கேட் பாஸ் புத்தகமுமாக நானும் பின்னால் போனேன். லாரிக்கு முன்னால் நின்றார். கைகளை விரிக்கவில்லை, கத்தவில்லை. சும்மா நின்றார். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, வண்டி எடுக்கணும், ஒத்து" என்றான். நோகோ அசையவில்லை. ஒரே நிமிஷத்தில் ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மேனேஜரும் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

"என்னங்க இது? எதுக்குங்க வண்டிய மறிக்கறீங்க?"

"அந்தப் பின்னு போவக் கூடாது சார். நான் போட்டது தப்புக் கையெழுத்து."

மேனேஜருக்கும் நோகோவின் ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும். "நேத்து ஏதோ சீரியல் பாத்துட்டு வந்து இன்னிக்கு லாரிய நிறுத்தறீங்களா? எல்லாரும் சிரிக்கறாங்க பாருங்க."

உண்மையில் யாரும் சிரிக்கவில்லை.

"ஆமா சார், சீரியல் பாத்துட்டுதான் வந்தேன்" என்றார் நோகோ. "சனிக்கெழமயே வந்து நின்னுருக்கணும். அதுக்கு ஒரு சீரியல் வந்து சொல்ல வேண்டிதாகீது. வெக்கமாத்தான் கீது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கையில் இருந்த சோதனைத் தாளை வாங்கினார். லாரியின் பானெட் மேலேயே வைத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே இரண்டு முறை அடித்தார். அடித்த கோடு கோணலாகப் போயிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அத விடுங்க. ரிப்போர்ட் பின்னாடி அனுப்பிக்கலாம். மேடம், நீங்க கேட் பாஸ் போடுங்க."

அந்த இடத்தில் நான் துணிச்சலாக ஏதோ சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தது அதுவல்ல. கேட் பாஸ் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. கடைசியில், எனக்கே கேட்காத குரலில், "ரிப்போர்ட் இல்லாம பாஸ் போடக் கூடாதுன்னு நீங்கதான சார் போர்டு வச்சிருக்கீங்க" என்றேன்.

டிரைவர் தலையை நீட்டி, "அப்ப நான் போயி துன்னுட்டு வந்துரட்டா?" என்று கேட்டான்.

முதலாளிக்குப் போன் போனது. அம்பத்தூரில் இருந்தவர் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். மேனேஜர் சொன்னதையும் கேட்டார், நோகோ சொன்னதையும் கேட்டார். ஒரு பெட்டியைத் திறந்து ஒரு பின்னை எடுத்து நோகோவிடம் நீட்டினார். நோகோ ஓர் அரத்தை வாங்கி அதன்மேல் இழுத்தார். நன்றாக வெந்த பின்னில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். அது வழுக்கியது. இரண்டாவதிலும் வழுக்கியது. மேனேஜர் மூச்சு விட்டார். மூன்றாவதில் அரம் கடித்து நின்றது. பென்சிலைச் சீவுவதுபோல இரும்புத் தூள் உதிர்ந்தது. முதலாளி அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எறக்குங்க" என்றார்.

மூன்று நாள் ஆயிற்று. எல்லாப் பின்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நோகோ ஒருத்தர் கையையும் நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி தானே பார்த்தார். மெத்தென்று இருந்தவை இரண்டு வாளி நிறைந்தன. வாளிகள் என் அறை வாசலில்தான் இருந்தன. தாண்டிப் போகும்போதெல்லாம் காலையில் என்னோடு பஸ்ஸில் வருகிற முகங்கள் நினைவுக்கு வரும்.

இதற்காக யாரும் நோகோவுக்கு மாலை போடவில்லை. சாமான் தாமதமானதில் கஸ்டமருக்குக் கோபம். முதலாளி நியாயம் செய்தார், ஆனால் எல்லோர் முன்னாலும் தன்னைச் சிறுமைப்படுத்தியதை மேனேஜர் மறக்கவில்லை. இரண்டு மாதத்தில் நோகோவைத் தரப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கையுறையும் துடைக்கும் துணியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே உட்கார்ந்து கையுறைகளின் விரல் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். அடுத்த பொங்கலுக்கு முன்பே சென்னீர்குப்பத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் தரம் பார்க்கச் சேர்ந்துவிட்டார்.

அங்கே போயும் திங்கட்கிழமைக் கதைகள் நிற்கவில்லை என்று செல்வம் சொன்னான். இன்ஸ்பெக்டர் அருளப்பனோடு எங்கள் கம்பெனிக் கதையையும் சேர்த்துக்கொண்டாராம். போன மாதம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் செல்வம் என்னை அறிமுகம் செய்துவைத்ததும் அந்த ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதான லாரிக்கு முன்னால நின்ன மேடம்? அண்ணாத்தே அடிக்கடி சொல்லும். 'அந்தம்மா நிக்கலன்னா அன்னிக்கு நான் ஓடிருப்பேன்'னு."

இல்லை, நான் நிற்கவில்லை, அவர்தான் நின்றார் என்று எவ்வளவோ சொன்னேன். அந்த ஆள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலையே நோகோவுக்குப் போன் செய்து கேட்டேன். "ஏன் சார் இப்படித் தப்பாச் சொல்றீங்க?"

"தப்பா இன்னா மேடம்? எனக்கு நடந்த மாதிரிதான் சொல்லிகினு கீறேன்" என்றார்.

அளவு விஷயத்தில் அந்த மனிதரோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். லாரியை நிறுத்தியது அவர்தான். நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.