மூன்று டீயும் ஒரு ப்ராசஸரும்

‘கோர் பாய்’ என்று நாங்கள் கூப்பிடுகிறவரைப் போல வியாபாரத்துக்கு லாயக்கற்ற வியாபாரி சென்னையிலேயே கிடையாது. சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அவர், விலை கூடிய சாமானைக் கேட்டால் திட்டி அனுப்புவார்.

அக்கா மகள் தவழ்ந்தது முதல் பட்டம் வாங்கியது வரை வீடியோக்களை வெட்டி ஒட்டி, அவளுடைய கல்யாண வரவேற்பில் திரையிடுவதாக அக்காவிடம் மார்தட்டியிருந்தேன். பாய் எப்போதோ பூட்டிக் கொடுத்த என் கம்ப்யூட்டரோ ஒரு வெட்டு வெட்டினால் தியானத்தில் உட்கார்ந்துவிடும்.

“பாய், பதினாறு கோர் ப்ராசஸர் குடுங்க.”

“ஒரு கோருன்னா ஒரு ஆளு. பதினாறு ஆளுக்கு வேல கீதா நைனா உன்னாண்ட?”

என் பென் டிரைவைப் பிடுங்கி, கடையிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஒரே வீடியோவை, வெட்டி ஒட்டியதை முழுப் படமாக்கும் எக்ஸ்போர்ட்டுக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டீ. சின்ன ப்ராசஸர் முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்தது. பெரியது, டீ கொதிக்கும்போதே முடித்தது. நடுவிலிருந்தது முடித்தபோது டீ குடிக்கிற பதம்.

“இதான் உனுக்கு. பெர்சு உன் போர்டுக்கு...” என்று ஏதோ சொல்ல வந்தார். நான் எங்கே காதில் வாங்கினேன்? மூன்று டீயையும் அவரே குடித்தார்.

நேராக தி.நகர் போய்ப் பெரியதையே வாங்கினேன். மண்டையில் இல்லாததைக் கம்ப்யூட்டரிலாவது வைத்துக்கொள்ள ஆசை.

வரவேற்பன்று காலையில் பிரித்தால், அது என் மதர்போர்டில் உட்காரவே மறுத்தது. டப்பாவும் கையுமாகப் பாய் முன்னால் நின்றேன்.

“போர்டுக்கு சேருமான்னு பாத்தியா?”

“எத்தனை கோர்னு பார்த்தேன் பாய்.”

“பத்தாம் நம்பர் செருப்ப வாங்கிகினு, கால் வளரும்னு குந்திகினு கீற!”

திட்டிக்கொண்டே, கடை கம்ப்யூட்டரிலிருந்து அந்த நடு ப்ராசஸரைக் கழற்றினார். ஷட்டரை இறக்கிவிட்டு, என்னோடு மயிலாப்பூர் வந்து மாட்டினார். மதியத்துக்குள் வெட்டி ஒட்டி எக்ஸ்போர்ட் கொடுத்தேன். ஜுரம் பார்ப்பதுபோல கம்ப்யூட்டர் கேபினட்டின் மேல் கை வைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி கொடுத்த டீ அப்படியே இருந்தது.

“டீ ஆறுது பாய்.”

“ஆறட்டும் நைனா. கொயந்த படம் ஓடிகினு கீது.”

சாயங்காலம் மண்டபமே கைதட்டியது. வெட்கமில்லாமல் நான்தான் வாங்கிக்கொண்டேன். அக்கா அழுதாள். கடைசி வரிசையில் பாய், திரையைப் பார்க்காமல், ஜுரம் விட்ட குழந்தையின் தாயைப் பார்ப்பதுபோல அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எக்ஸ்போர்ட் கொடுத்தால் நானும் கேபினட்டின் மேல் கை வைத்துக்கொள்கிறேன். டீ ஆறிவிடுகிறது.