பொடி எழுத்து

"பன்னிரண்டு நிமிஷம்தானேப்பா!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பதிமூணு ஐயா," என்றார் பூட்டுக்காரர். "நீங்க பேச ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆச்சு."

காரின் முன்சக்கரத்தை ஒரு மஞ்சள் இரும்புப் பூட்டு கவ்விப் பிடித்திருந்தது. நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி. விடுகிற உத்தேசம் அதற்கு இல்லை.

காரை நிறுத்த இரண்டு மணி நேரத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டுத்தான் அவர் மொத்த வியாபாரியின் கிடங்குக்குள் போயிருந்தார். அங்கே லென்ஸ் விலை பேசியபோது சுவர்க் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். நேரம் நிறைய இருந்தது. வெளியே வந்தால் இல்லை. கிடங்குக் கடிகாரம் மெதுவாக ஓடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். வியாபாரியின் மேல் ஏற்கெனவே கோபம் இருந்ததால் அந்த முடிவு சுலபமாக வந்தது.

"இப்பப் பணத்தைக் கட்டிடுங்க, கழட்டிடறேன்," என்றார் பூட்டுக்காரர். "அப்புறம் மேல்முறையீடு போடுங்க. நியாயமான காரணம் இருந்தா திருப்பிக் குடுத்துடுவாங்க. மேல்முறையீட்டு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற அம்மா தங்கமான மனுஷி."

அவர் பணத்தைக் கட்டினார். வீடு வரும்வரை வியாபாரியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. தினமும் கடையைத் திறந்ததும் இரண்டு நிமிடம் கடவுளை நினைத்துவிட்டுத்தான் மேசையைத் துடைப்பார். கையில் காசில்லாமல் வருகிறவர்களுக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கண்ணாடியை மாட்டி அனுப்புவார். அந்த அப்புறத்தை மறந்தும் போவார். அவருக்கு இருந்த கர்வம் ஒன்றே ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயதாகியும் அவர் கண்ணாடி போடவில்லை. "கழுகுக்குச் சந்தேகம் வந்தா என்கிட்டதான் கேட்கணும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அவர்கள் சிரிப்பார்கள். அவருடைய மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். அதை இருபத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்.

"தப்பு நம்மோடது. விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"அதெப்படி விடறது? காரணம் இருந்தா திருப்பித் தருவாங்களாம்."

"என்ன காரணம்? லென்ஸுக்கு விலை குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன்னு எழுதப் போறீங்களா?"

அவர் யோசித்தார். சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த சீட்டை எடுத்து நீட்டினார். "இதைப் பாரேன். எவ்வளவு பொடி எழுத்து! இதை எவன் படிக்க முடியும்? எழுத்து தெரியல, அதனால நேரம் தெரியலன்னு எழுது."

"உங்களுக்கா தெரியல? கழுகு என்ன ஆச்சு?"

"கழுகு ஒரு நாள் லீவு. எழுதும்மா."

மனைவிதான் எழுதினாள். கடையில் எழுத்து வேலை எல்லாம் அவளுடையது. அவர் எழுதினால் வரிகள் மாடிப்படி ஏறும்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்; பார்வைக் குறைவுக்கான சான்றிதழோடு நேரில் வந்தால் உடனே ஆவன செய்யப்படும் என்று அந்த மேல்முறையீட்டு அம்மா கையெழுத்திட்டிருந்தார்.

"இப்ப என்ன செய்வீங்க?" என்றாள் மனைவி.

"சான்றிதழ்தானே? நம்ம கடையிலயே எத்தனை பேருக்குக் குடுக்கறோம்?"

"உங்களுக்கு நீங்களே குடுத்துக்குவீங்களா?"

"வெளியில போனா அதுக்கு வேற பணம் கட்டணும்."

பொய் சொல்வதென்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, தூரத்தில் இருப்பது சுத்தமாகத் தெரியாது என்று தாராளமாகச் சொல்லி எழுதவைத்துக் கடை முத்திரையைக் குத்தினார். அன்று காலை கடவுளை நினைத்தபோது மட்டும் இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகக் குறைந்தது.

மேல்முறையீட்டு அம்மா உண்மையிலேயே தங்கமான மனுஷிதான். அவரை நாற்காலியில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், டம்ளரை அவர் கையிலேயே பிடித்து வைத்தார்.

"இந்தப் படிவத்துல கையெழுத்து போடுங்க ஐயா."

போட்டார். அந்த அம்மா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பரவாயில்லை," என்றார் பிறகு, தணிந்த குரலில். "அதிகாரி போடவேண்டிய கட்டத்துல போட்டுட்டீங்க. நான் வேற படிவம் தர்றேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவசரத்தில் செய்த பிழை, பொய்க்கு எப்படிச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது பார்!

அந்த அம்மா சான்றிதழைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இது உங்க கடையா ஐயா? உங்களுக்கே பார்வை இல்லாம, இத்தனை பேருக்குப் பார்வை குடுத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"ஏதோ... நம்மால முடிஞ்சது," என்றார் அவர். நாற்காலி முள்ளாகக் குத்தியது.

"வண்டியை யார் ஓட்டறாங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "என் மனைவி," என்று வாயில் வந்துவிட்டது.

"புண்ணியவதி!" என்றார் அந்த அம்மா.

பணம் அங்கேயே கைக்கு வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் காரை அடுத்த தெருவில் மறைவாக நிறுத்திவிட்டு வந்திருந்தார். திருடனைப் போல நாலு பக்கமும் பார்த்து, ஏறி ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

"ஜெயிச்சாச்சு!" என்றார்.

"சாமி பார்த்துக்கிட்டு இருக்கும்," என்றாள் மனைவி.

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தவறு செய்த நல்லவர்களை ஆண்டவன் இடி மின்னலால் அடிப்பதில்லை; யாராவது அன்பான மனிதரை அனுப்பிவைத்துவிடுகிறான். அதிலிருந்து தப்புவதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தபோது வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நடைபாதை ஓரத்தில் புதிதாக ஒரு கம்பம். அதில் நீல நிறத்தில் ஒரு பலகை.

"என்னவாம் அது? படி," என்றார் காரை நிறுத்தியபடி.

மனைவி படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "பார்வைக் குறைவுள்ள கடை உரிமையாளரின் வாகனத்துக்கு மட்டும். கட்டணம் இல்லை."

மேல்முறையீட்டு அம்மா சும்மா இருக்கவில்லை. நாலு இடத்துக்கு நடந்து, கெஞ்சி, இந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கண்ணாடிக் கடை வாசலில் அந்தப் பலகை! மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. போன மாதம் கண்ணாடி வாங்கிய தலைமையாசிரியர் வந்து, "எதுக்கும் இன்னொரு தடவை என் கண்ணைப் பார்த்துடுங்க. வேற ஆளை வச்சு" என்றார். தையல்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். மூன்றாம் நாள் கடையில் ஈ ஓட்டுவதற்கு ஈ கூட இல்லை.

"கம்பத்தைப் பிடுங்கிடலாமா?" என்றார் அவர் மெல்ல.

"பிடுங்குங்க. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினதுக்கு அடுத்த மேல்முறையீடு எழுதறேன்."

நான்காம் நாள் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவும் அன்பான கடிதம்தான். தங்களின் பாதுகாப்பை முன்னிட்டுத் தங்கள் உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. தங்கள் துணைவியாருக்கு நீண்ட தூரம் ஓட்டத் தோதாக, உரிமம் முன்னுரிமையில் புதுப்பித்துத் தரப்படும்.

"புதுப்பிக்கணுமா?" என்றாள் மனைவி. "பிரேக் எந்தக் காலுன்னே எனக்குத் தெரியாது! என்னை ஏங்க இதுல இழுத்தீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் மூன்று சிற்றூர்களுக்கு வாரம் ஒரு முறை அவர்தான் காரில் போய்க் கண்ணாடி கொடுத்துவருவார். கடையின் பாதி வரும்படி அதில்தான். கார் இல்லாவிட்டால் அது போயிற்று. பலகை இருந்தால் மீதியும் போயிற்று.

அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அவர் சொன்னார்: "உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா?"

"வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டணும். பொய்ச் சான்றிதழுக்கு அபராதம் வரும். கடை உரிமத்துல கூடக் கை வைக்கலாம். ஆனா அந்த அம்மா முகத்தைப் பார்த்து இதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது. திட்டியிருந்தாங்கன்னா தைரியமாச் சொல்லியிருப்பேன். தண்ணியில்ல குடுத்தாங்க!"

மனைவி முதல் முறையாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "போயிட்டு வாங்க. நானும் வர்றேன்."

பஸ்ஸில் போனார்கள்.

மேல்முறையீட்டு அம்மா முழுவதையும் கேட்டார். பொடி எழுத்து, கடை முத்திரை, அடுத்த தெருவில் நிறுத்திய கார், எதையும் கண்ணாடிக்கடைக்காரர் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பே லேசானது.

"என் கண்ணு ரெண்டும் கழுகுக் கண்ணும்மா. ஒரு குறையும் இல்லை. நான் சொன்னது அத்தனையும் பொய். எந்தத் தண்டனையானாலும் குடுங்க."

அந்த அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உரிமம் போயிடுமேன்னு பயப்படறீங்களா ஐயா? குறை இருக்கிறதுல ஒரு வெட்கமும் இல்லை."

"ஐயோ, இல்லவே இல்லம்மா! சத்தியமா நல்லாத் தெரியுது!"

"சொல்லேம்மா," என்று கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் திரும்பினார்.

"ரொம்ப நல்லாத் தெரியும்னு இருபத்தேழு வருஷமாச் சொல்றார்," என்றாள் மனைவி. பொய் சொல்ல அவளுக்கும் பிடிக்காது.

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றார் அந்த அம்மா. "உரிம அலுவலகம் மாடியிலதான் இருக்கு. அங்கயே கண் சோதனை பண்ணுவாங்க. இப்பவே போகலாம். நீங்க தேறிட்டா பலகையை நாளைக்கே எடுக்கச் சொல்றேன், உரிமமும் திரும்பிடும். பொய் சொன்னதுக்கு மட்டும் மேலதிகாரிகிட்ட நானும் கூட வந்து மன்னிப்புக் கேட்கறேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாடியில் நீளமான அறை. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் வெள்ளைச் சுவர். உதவியாளர் எதையோ எடுக்க அலமாரிப் பக்கம் போயிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் காத்திருக்கவில்லை. நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு நெஞ்சில் பொய் இல்லை. ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத மனிதனின் கம்பீரம் முகத்தில் வந்திருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்று உரக்கக் கேட்டார். "பெரிய எழுத்தெல்லாம் எதுக்கு? கடைசி வரிக்கே போயிடறேன். நம்ம கடை அட்டையிலயும் எல்லாரும் தடுமாறற வரி அதுதான்."

வலது கண்ணைக் கையால் மூடினார். எதிரே சுவரில் இருந்ததை நோக்கி முகத்தை உயர்த்தினார்.

"ட, ப, ய, ம, ர, க!"

கையை மாற்றி இடது கண்ணை மூடினார்.

"ட, ப, ய, ம, ர, க! ஒரு எழுத்து பிசகா இருந்தா சொல்லுங்க!"

மேல்முறையீட்டு அம்மா முந்திக்கொண்டு கைதட்டப் போனார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அலமாரிப் பக்கமிருந்து உதவியாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஐயா, நீங்க படிச்சது எங்க ஆபீஸ் லீவு லிஸ்ட். எழுத்து அட்டை இன்னும் என் கையிலதான் இருக்கு."